ஐந்து வயதுக் குதிரைக்கு ஒரு கோடைப் பருவம்: எத்தனை போட்டி, எப்போது ஓய்வு?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர் பக்கம் குடியிருக்கும் ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகளுக்கு 19 வயது, சின்ன வயதிலிருந்தே குதிரை ஓட்டுகிறாள். போன வருடம் அயர்லாந்திலிருந்து ஒரு குதிரையை வாங்கியிருக்கிறார்கள். இப்போது அதற்கு 5 வயது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஈவென்டிங் என்னும் மூன்று சோதனைக் குதிரைப் போட்டிகளுக்கு மகள் பட்டியல் போட்டிருக்கிறாள். பிஇ 90 என்ற ஆரம்ப நிலையில் (பிஇ என்றால் பிரிட்டிஷ் ஈவென்டிங்) தொடங்கி, ஜூலையில் அதைவிட இரண்டு படி மேலே உள்ள நோவிஸ் போய்விட வேண்டும் என்பது திட்டம். "எனக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பட்டியலைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. இது அதிகமா, சரிதானா?" என்கிறார்.

உங்கள் பயம் நியாயமானதுதான். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் ஆறு மாதத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று போட்டி வந்துவிடும். 5 வயதுக் குதிரைக்கு அது அதிகம். நான் பட்டியல் போட்டால் ஆறு, மிஞ்சினால் ஏழு. அதையும் இரண்டு பகுதியாகப் பிரித்து, நடுவில் தரை காய்ந்து கிடக்கும் வாரங்களில் குதிரையை மேய்ச்சல் வயலில் விட்டுவிடுவேன். பிஇ 90-இல் தொடங்கலாம், நன்றாகப் போனால் பிஇ 100-க்கு ஏறலாம். நோவிஸ் இந்த வருடம் வந்தால் செப்டம்பரில் ஒன்று; வராவிட்டால் எந்த நஷ்டமும் இல்லை. இளம் குதிரைகளைத் தயார் செய்யும் லாயங்களில் பல காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இதைவிட அதிகமாக ஓடவிடும் நல்ல பயிற்சியாளர்களும் உண்டு. ஆனால் அவர்களிடம் பத்துப் பதினைந்து குதிரை நிற்கும். எது தாங்கும், எது தாங்காது என்று பிரித்துப் பார்க்கும் கண்ணும் இருக்கும். உங்கள் மகளிடம் இருப்பது ஒரே குதிரை.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கம். நம் ஊரில் பலர் ஈவென்டிங் என்ற பெயரைக் கேட்டதே பெங்களூருக்காரர் ஃபவாத் மிர்ஸாவால்தான். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர், அணி இரண்டிலும் வெள்ளி வாங்கினார். பிறகு டோக்கியோ ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்று வரை போனார். ஒரே குதிரை, ஒரே ஆள், மூன்று சோதனை: முதலில் டிரெஸ்ஸாஜ், அதாவது அளவெடுத்த களத்துக்குள் அடக்கமாக நடத்திக் காட்டுவது. அப்புறம் தட்டினால் விழும் கம்பிகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங். இன்னொன்று கிராஸ் கன்ட்ரி: வயலிலும் காட்டோரத்திலும் மரக்கட்டை, பள்ளம், தண்ணீர் என்று அசையாத தடைகளை வேகமாகத் தாண்டுவது. பிரிட்டனில் சின்ன போட்டிகளில் மூன்றும் பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். பிஇ 90, பிஇ 100 என்பதில் உள்ள எண் கிராஸ் கன்ட்ரி தடையின் உச்ச உயரம், சென்டிமீட்டரில். நோவிஸில் கிராஸ் கன்ட்ரி தடை 1.10 மீட்டர் வரை போகும்.

உயரத்தைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள். எனக்குக் கவலை வேகம். பிஇ 90-இல் நிமிடத்துக்கு 450 மீட்டர், பிஇ 100-இல் 475, நோவிஸில் 520. முதல் இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை. பிஇ 100-இலிருந்து நோவிஸுக்குப் போகும்போதுதான் குதிரை நிஜமாகவே கால் நீட்டி ஓட வேண்டியிருக்கும். ஓடிக்கொண்டே தடையைப் பார்த்து, தானே காலடியைச் சரிசெய்து எம்ப வேண்டும். நிதானமான வேகத்தில் ஒரு மீட்டரைச் சிரமமில்லாமல் தாண்டும் குதிரை, 520-இல் அதே தடைக்கு வரும்போது தலையைத் தூக்கிக்கொண்டு தட்டையாகப் பாயும். அசையாத மரக்கட்டைக்கு முன்னால் அது ஆபத்து.

அதனால் மகளிடம் முதலில் சொல்ல வேண்டியது: இந்த வருடம் கையில் கடிகாரம் கட்டாமல் ஓட்டட்டும். நேரத்தைத் தாண்டினால் வினாடிக்கு 0.4 புள்ளி தண்டம். அரை நிமிடம் தாமதமானால் 12 புள்ளி. ரிப்பன் கிடைக்காது, அவ்வளவுதான். தடை முன் குதிரை ஒரு தடவை நின்றுவிட்டால் 20 புள்ளி. புள்ளி போகட்டும், நிற்கலாம் என்று குதிரை அன்று கற்றுக்கொள்கிறதே, அதை மறக்கடிக்க மாதக்கணக்கில் ஆகும். மெதுவாகப் போய் எல்லாத் தடையையும் பார்த்துப் புரிந்து தாண்டி வந்த குதிரைக்கு அடுத்த வருடம் வேகம் தானாக வரும்.

இப்போது வயது விஷயம். குதிரை எப்போது பிறந்தது என்று பாஸ்போர்ட்டில் பாருங்கள். போட்டிக் கணக்கில் எல்லாக் குதிரைக்கும் ஜனவரி 1-ஆம் தேதி ஒரு வயது கூடிவிடும். ஜூனில் பிறந்த குட்டி என்றால், ஏப்ரலில் முதல் போட்டிக்குப் போகும்போது அதற்கு 5 வயது நிறைந்திருக்காது. பிப்ரவரியில் பிறந்த இன்னொரு '5 வயது' குதிரையோடு ஒப்பிட்டால் நாலு மாதம் இளசு. இந்த வயதில் நாலு மாதம் பெரிய வித்தியாசம்.

கால் எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள், அதாவது எலும்பு வளரும் மென்மையான பகுதிகள், முன்னதாகவே மூடிவிடும். முழங்கால் பக்கம் கிட்டத்தட்ட இரண்டரை வயதில். முதுகெலும்பில் இருப்பவை கடைசியாகத்தான் முடியும், ஐந்து ஆறு வயது வரை போகலாம். அந்த முதுகில்தான் நாம் உட்கார்ந்து எம்ப வைக்கிறோம். வளரும் குதிரை சில வாரம் பின்பக்கம் உயர்ந்து, முன்பக்கம் தாழ்ந்து நிற்கும். அப்போது இறக்கத்தில் ஓடச் சொன்னால் தடுமாறும். போன வாரம் செய்ததை இந்த வாரம் செய்யவில்லையே என்று ஓட்டுபவர் கோபப்படுவார். குதிரைக்குத் தன் உடம்பே புதிதாக இருக்கிறது, அதுதான் காரணம்.

பல்லையும் மறந்துவிடுவார்கள். குதிரைக்கு முன்பற்கள் ஜோடி ஜோடியாக இரண்டரை, மூன்றரை, நாலரை வயதில் விழுந்து முளைக்கும். 4 முதல் 5 வயதுக்குள் ஆண்குதிரைக்குக் கோரைப்பல்லும் வரும், அதுவும் கடிவாள இரும்பு கிடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே. டிரெஸ்ஸாஜில் திடீரென்று தலையை ஆட்டுகிறது, ஒரு பக்கம் திரும்ப மறுக்கிறது என்றால், பயிற்சியாளருக்கு ஃபோன் போடும் முன் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் சொன்னதும், அப்படியானால் போட்டியே வேண்டாமே என்று தோன்றலாம். அதுவும் சரியில்லை. எலும்பு வேலை கொடுத்தால்தான் உரம் ஏறும். லாயத்தில் நிறுத்தியே வைத்த குதிரையின் கால் 8 வயதில் திடீரென்று வரும் பாரத்தைத் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு, வெவ்வேறு தரையில் வேலை வேண்டும். தசைநார் கதை வேறு. முன்காலின் பின்புறம் ஓடும் மேல் தசைநாரின் நடுப்பகுதி, நாலுகால் பாய்ச்சலில் 45 டிகிரி வரை சூடேறுவதை அளந்திருக்கிறார்கள். அது ஒருமுறை கிழிந்தால் ஆற ஒரு வருடம் வரை போகும், ஆறினாலும் பழைய பலம் வராது. களைத்த குதிரைக்குத் தசை தளர்ந்து, பாரம் முழுக்க அந்த நார் மேல் இறங்கும். போட்டிகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

சரி, பருவத்துக்கு வருவோம். பிரிட்டனில் மார்ச்சில் தொடங்கி அக்டோபர் வரை நடக்கிறது. உங்கள் குதிரைக்கு முதல் பகுதி ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடு வரை. இதில் மூன்று போட்டி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது மூன்று வாரம். முதல் இரண்டும் பிஇ 90 ஆகவே இருக்கட்டும். வீட்டில் 1.10 தாண்டுகிறதே என்பார்கள். வீட்டில் ஒலிபெருக்கி கிடையாது, நாற்பது லாரி நிற்காது, பக்கத்துக் களத்தில் இன்னொரு குதிரை கனைத்துக்கொண்டு ஓடாது.

எந்த இடத்தில் போட்டி என்பதையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே பிஇ 90 தான், ஆனால் ஓரிடத்தில் முதல் நாலு தடையும் அகலமாக, உருண்டையான மேற்புறத்தோடு, 'வா வா' என்று கூப்பிடும். இன்னோரிடத்தில் இரண்டாவது தடையே காட்டுக்குள் இருக்கும். சமதரை இடம், மேடு பள்ள இடம் என்றும் உண்டு. முதல் தடவைக்குச் சமதரையும் திறந்த வெளியும் நல்லது. மகளின் பயிற்சியாளருக்கு அந்தப் பக்கத்து இடங்கள் எல்லாம் அத்துப்படியாக இருக்கும், கேட்டாலே சொல்வார்.

முதல் கிராஸ் கன்ட்ரியில் என்ன நடக்கும் என்று நீங்கள் நின்று பாருங்கள். புறப்படும் இடம் என்று மூன்று பக்கமும் கயிறோ வேலியோ கட்டிய ஒரு சின்னப் பெட்டி இருக்கும். எண்ணி முடித்ததும் குதிரை வெளியே வரும். ஏழெட்டு பாய்ச்சலில் ஒரு கணம் தயங்கும். ஒரு காது முன்னால், ஒரு காது பின்னால், லாரிகள் நிற்கும் பக்கம் திரும்பியிருக்கும். கூட்டத்தை விட்டுத் தனியே போவது குதிரைக்கு இயல்பான காரியமே இல்லை. அந்த நேரத்தில் ஓட்டுபவர் சவுக்கை எடுக்காமல், கால்களை உடம்போடு ஒட்டிவைத்து, குரல் கொடுத்து முதல் தடைக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்றாவது தடையைத் தாண்டியதும் இரண்டு காதும் முன்னால் வந்துவிட்டால் அன்றைய வேலை பாதி முடிந்தது. பன்னிரண்டாவது தடை வரை ஒரு காது பின்னாலேயே இருந்தால், எல்லாம் தாண்டியிருந்தாலும் அடுத்த போட்டிக்கு முன் இரண்டு பயிற்சி தேவை என்று அர்த்தம்.

கோடையில் மட்டும் வரும் ஒரு பிரச்சினை நிழல். ஏப்ரலில் மொட்டையாக நின்ற மரங்கள் ஜூனில் அடர்ந்து நிற்கும். வெயிலில் ஓடி வந்து காட்டுக்குள் உள்ள தடையைத் தாண்டும்போது குதிரையின் கண் இருட்டுக்குப் பழக நம் கண்ணைவிட அதிக நேரம் எடுக்கும். தடைக்கு அந்தப் பக்கம் அதற்குக் கறுப்பாகத்தான் தெரியும். அனுபவமுள்ள குதிரை ஓட்டுபவரை நம்பித் தாண்டும், இளசு நிற்கும். நின்றதற்கு அடிப்பது பெரிய அநியாயம். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, பார்க்க நேரம் கொடுத்தால் போதும். நிறம் விஷயமும் அப்படித்தான். குதிரைக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிரிட்டிஷ் குதிரைப் பந்தயத்தில் தடைகளில் இருந்த ஆரஞ்சு நிறத்தை 2022-இலிருந்து வெள்ளைக்கு மாற்றத் தொடங்கியதும் இதனால்தான். புல்லுக்கு நடுவே ஆரஞ்சு அதற்குத் தனியாகத் தெரியவில்லை.

தண்ணீரையும் பள்ளத்தையும் போட்டியில் முதல்முறை காட்டவே கூடாது. பயிற்சிக்கு வாடகைக்கு விடும் இடங்கள் நிறைய உண்டு. மூத்த குதிரை ஒன்றை முன்னால் நடக்கவிட்டு, பின்னாலேயே தண்ணீருக்குள் நடத்தி, உள்ளே நின்று காலால் அடித்து விளையாடட்டும். அடுத்த வாரம் துள்ளுநடையில். அதற்கடுத்து ஒரு சின்னக் கட்டையைத் தாண்டி உள்ளே. தண்ணீருக்குள் தரை இருக்கிறது என்பதைக் குதிரை தன் காலால்தான் நம்பும்.

ஜூன் கடைசிக்கு வந்துவிட்டோம். உங்கள் மகளோடு எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு இங்கேதான். ஜூலையில் நோவிஸ் என்று எழுதியிருக்கிறாள். நான் அந்த இடத்தில் 'விடுமுறை' என்று எழுதுவேன். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை மழை பெய்யாத வருடங்களில் தரை கல்லாகிவிடும். நல்ல அமைப்பாளர்கள் தண்ணீர் பாய்ச்சுவார்கள், அக்ரிவேட்டர் என்னும் கருவியை டிராக்டரில் கட்டி, பல் குத்தித் தரையைத் தளர்த்துவார்கள். ஆனால் அந்த வேலை தடைக்கு முன்னாலும் பின்னாலும்தான் நன்றாக இருக்கும்; நடுவே உள்ள வயல் முழுக்க அப்படிச் செய்ய முடியாது. தடத்தை நடந்து பார்க்கும்போது பூட்ஸ் குதிகாலால் அழுத்தமாக ஒரு மிதி மிதித்துப் பாருங்கள். தடம் விழவில்லை என்றால் கிராஸ் கன்ட்ரியை விட்டுவிட்டு, டிரெஸ்ஸாஜும் ஷோ ஜம்பிங்கும் மட்டும் செய்துவிட்டு வீட்டுக்கு வரலாம். பெரிய பெயர் பெற்றவர்களும் கிராஸ் கன்ட்ரிக்கு முன் பெயரை வாபஸ் வாங்குவார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

கெட்டித் தரையின் பாதிப்பு அன்றைக்கே நொண்டலாகத் தெரியாது. மறுநாள் காலை லாயத்திலிருந்து வெளியே வரும்போது முதல் பத்து அடி குறுகலாக வைக்கும். இறக்கத்தில் தயங்கும். குளம்பைத் தொட்டால் ஒன்றைவிட ஒன்று சூடாக இருக்கும். மகள் தினமும் காலையில், சேணத்தைத் தொடும் முன், நாலு காலையும் கையால் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். கையுறை இல்லாமல், உள்ளங்கையை முழங்காலுக்குக் கீழே பின்புறமாக வைத்து மெதுவாக இறக்கிக்கொண்டே போனால் தசைநார் ஒரு கயிறு மாதிரி கையில் ஓடும். அதன் ஓரம் இரண்டு பக்கமும் கூர்மையாகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் ஓரம் மழுங்கி, லேசாகக் கதகதப்பாக இருந்தால் அன்று சவாரி இல்லை. காலைத் தூக்கி மடக்கிவைத்து, அதே நாரை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளினால் நல்ல கால் என்றால் குதிரை சும்மா நிற்கும். வலி இருந்தால் காலை வெடுக்கென்று இழுக்கும். ஒரு மாதம் தினமும் பார்த்தால் அந்தக் குதிரையின் கால் அவள் கைக்கு மனப்பாடமாகிவிடும். அதன்பிறகு மருத்துவருக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும்.

விடுமுறை என்றால் மூன்று வாரம் வயலில், துணைக்கு இன்னொரு குதிரையோடு. ஜூலையில் பகல் முழுக்க ஈயும் குதிரைப்பூச்சியும் கடித்துக் குதறும். அதனால் பகலில் லாயத்தில் நிறுத்தி, சாயங்காலம் வெளியே விட்டு, காலையில் உள்ளே கொண்டுவருவது நல்லது. ஃப்ளூ தடுப்பூசியின் அடுத்த தவணையை முடிந்தால் இந்த வாரங்களில் போட்டுவிடுங்கள், ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் சோர்ந்திருக்கும். சர்வதேசப் போட்டி என்றால் கடைசி ஊசி 6 மாதம் 21 நாளுக்குள் இருக்க வேண்டும், போய்ச் சேருவதற்கு முந்தைய 7 நாளில் போடக் கூடாது. உள்நாட்டுப் போட்டிக்குத் தனி விதி, இந்த வருட விதிப்புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் நாளில் ஓட வேண்டி வந்தால் கவனிக்க வேண்டியது சூடு. கடுமையான வேலையில் குதிரை மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கும். நம் வியர்வையைவிட அதில் உப்பு அதிகம். ஓய்வில் 38 டிகிரியை ஒட்டி இருக்கும் உடல் சூடு, கிராஸ் கன்ட்ரி முடியும்போது 40-ஐத் தாண்டிவிடும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக நடந்த ஆராய்ச்சிகளோடு அந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். பயமில்லாமல் ஊற்றுங்கள்: கழுத்து, தோள், வயிறு, பின்பக்கம் என்று உடம்பு முழுக்க, வாளி வாளியாக, விடாமல். நடுவில் தண்ணீரை வழித்துவிடுகிறேன் என்று நேரத்தை வீணாக்க வேண்டாம். அடுத்த வாளியே சூட்டை இழுத்துக்கொண்டு போகும். ஈரத்துணியை மேலே போர்த்தி வைப்பதும் கூடாது, அது சூடேறி உள்ளேயே வைத்துக்கொள்ளும். மூச்சு சீராகி, சூடு 39-க்குக் கீழே வரும்வரை நிழலில் மெல்ல நடத்திக்கொண்டே ஊற்றலாம். குடிக்கத் தண்ணீரும் உடனே கொடுக்கலாம். டோக்கியோவில் கிராஸ் கன்ட்ரியைக் காலையில் இன்னும் சீக்கிரமாகத் தொடங்கி, தடத்தையும் சுருக்கினார்கள். ஒலிம்பிக் குதிரைக்கே அப்படி என்றால், மதியம் இரண்டு மணிக்கு 32 டிகிரியில் உங்கள் 5 வயதுக் குதிரை ஓடித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

தீவனத்தில் ஒன்றே ஒன்று. குதிரையின் வயிறு எந்நேரமும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், வைக்கோலோ புல்லோ உள்ளே இல்லையென்றால் அது வயிற்றுச் சுவரைப் புண்ணாக்கும். போட்டி நாளில் காலை ஐந்து மணிக்கு லாரியில் ஏற்றி, பதினொரு மணி வரை வெறும் வயிற்றில் நிறுத்தும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். லாரியில் வைக்கோல் வலை தொங்கட்டும். சேணம் போடும் முன் இரண்டு கை நிறைய நறுக்கிய வைக்கோலும் கொடுக்கலாம்.

இரண்டாம் பகுதி ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. விடுமுறை முடிந்து மூன்று நாலு வாரம் நடை, மேட்டு நடை, அப்புறம் மெல்ல வேலை. இதில் மூன்று போட்டி, பிஇ 100. விடுமுறைக்குப் பிறகு பல இளம் குதிரைகள் தலைகீழாக மாறி வருவதைப் பார்த்திருக்கிறேன்; ஜூனில் தடுமாறியதை ஆகஸ்டில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்யும். மூன்றும் ஒரே மாதிரி சாதாரணமாக, அதாவது நின்று பார்ப்பவருக்குச் சொல்ல ஒன்றுமில்லாத அளவுக்கு இலகுவாகப் போனால், செப்டம்பர் கடைசியில் நல்ல தரை உள்ள ஓர் இடத்தில் நோவிஸ் ஒன்று ஓடட்டும். ஒன்றில் பயந்திருந்தால்கூட அடுத்த வருடம்.

உடம்பு மாறுவதால் சேணமும் பொருந்தாமல் போகும். ஏப்ரலில் அளவெடுத்தது ஆகஸ்டில் தோளில் அழுத்தும், ஏனென்றால் இடையில் முதுகுத் தசை வளர்ந்திருக்கும். விடுமுறை முடிந்ததும் சேணம் பொருத்துபவரை ஒருமுறை கூப்பிடுங்கள். சேணம் போடும்போது காதைப் பின்னால் மடக்குவது, லாரியில் ஏற மறுப்பது, எப்போதும் நிதானமாக வரும் குதிரை தடையைப் பார்த்ததும் விழுந்தடித்து ஓடுவது: இவை எல்லாம் குதிரை பேசும் விதம். விழுந்தடித்து ஓடுவதைத் 'தைரியம்' என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது வலியோ பயமோ, சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற அவசரம்.

இளம் குதிரைகளுக்கான தனிப் போட்டிகளைப் பற்றி மகள் கட்டாயம் கேட்பாள். ஸ்டாம்ஃபர்ட் அருகே பர்லியில் செப்டம்பர் தொடக்கத்தில் பெரிய போட்டி நடக்கும்போதே 4, 5 வயதுக் குதிரைகளுக்கான இறுதிச் சுற்றும் நடத்துவது வழக்கம். அதில் டிரெஸ்ஸாஜ், தாண்டல், உடலமைப்பு, ஓட்டம் எல்லாவற்றையும் பார்த்து, 'இது ஒருநாள் உச்சத்துக்குப் போகுமா' என்று நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். நாட்டிங்ஹாம்ஷயரில் ஆஸ்பர்டனில் இலையுதிர் காலத்தில் 4 முதல் 7 வயது வரை தேசிய அளவில் நடக்கிறது, அது உங்களுக்குப் பக்கம். ஜெர்மனியில் வாரண்டார்ஃபில் இளம் குதிரைகளுக்கான தேசியப் போட்டியான புண்டஸ்சாம்பியனாட் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, பிரான்சில் ஆன்ஷே நகரத்துக்குப் பக்கத்தில் லெ லியோன் தான்ஷேயில் அக்டோபரில் நடக்கும் உலகப் போட்டி, 6, 7 வயதுக் குதிரைகளுக்கு. அங்கே இளம் குதிரைகள் ஓடுவதைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும், வாய்ப்புக் கிடைத்தால் இருவரும் போய்ப் பாருங்கள்.

ஆனால் உங்கள் குதிரைக்கு இந்த வருடம் அது தேவையில்லை என்பது என் கருத்து. இந்தப் போட்டிகள் முக்கியமாகக் குதிரை வளர்ப்பவருக்கும், தயார் செய்து விற்பவருக்கும் பயன்படுபவை. 5 வயதிலேயே பளிச்சென்று நடக்கும், அழகாகத் தாண்டும் குதிரைக்கு விலை ஏறும். உங்கள் மகள் விற்கப் போவதில்லை, இதோடு பத்து வருடம் வாழப் போகிறாள். உச்சமான ஐந்து நட்சத்திரப் போட்டிக்குக் குதிரைக்கு 8 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்பது சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் விதி. ஜெயிப்பவை பெரும்பாலும் அதைவிட மூத்தவை. உங்கள் வீட்டுக் குதிரை மாதிரியே ஐரிஷ் வம்சம்தான் பாலாமோர் கிளாஸ் என்னும் சாம்பல் குதிரை. பிரிட்டிஷ் வீரர் ஆலிவர் டவுன்எண்டோடு 2017-இல் பர்லியை ஜெயித்தபோது அதற்கு 10 வயது. 2023-இல் மறுபடி ஜெயித்தபோது 16. நியூசிலாந்து வீரர் மார்க் டாடின் குதிரை கரிஸ்மா 1984-இலும் 1988-இலும் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வாங்கியது. இரண்டாவது தங்கத்தின்போது அதற்கும் 16 வயதுதான். 16 வயதில் இப்படி ஓட வேண்டுமானால் 5 வயதில் கால் மிச்சம் இருக்க வேண்டும்.

மகளிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் யோசிப்பீர்கள். 'போகாதே' என்று சொன்னால் கேட்க மாட்டாள், கேட்கவும் வேண்டியதில்லை. பட்டியலைக் கையில் எடுத்து, ஒவ்வொரு போட்டிக்கும் எதிரே 'இதில் குதிரை என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கூட்டத்தை விட்டுத் தனியாகப் போக, முதல் தண்ணீர், மேடு பள்ளம், வெளியூரில் ஓர் இரவு தங்க. எதிரே எழுத ஒன்றும் கிடைக்காத போட்டிகளை அவளே அடித்துவிடுவாள். ஒரு நோட்டும் வைத்துக்கொள்ளட்டும்: தரை எப்படி, வெயில் எப்படி, எந்தத் தடையில் தயங்கியது, மறுநாள் காலை கால் எப்படி. மதிப்பெண் இணையத்தில் இருக்கிறது, அதை எழுத வேண்டாம்.

செப்டம்பர் முடிந்ததும் ஒரேயடியாக நிறுத்தாமல், இரண்டு வாரம் வேலையையும் தீவனத்தையும் படிப்படியாகக் குறைத்து, பின்கால் லாடங்களைக் கழற்றி, அக்டோபர் நடுவில் வயலில் விட்டுவிடலாம். ஐந்தாறு வாரம் அங்கேயே இருக்கட்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை மூன்று: பல் மருத்துவருக்கு நேரம் வாங்குங்கள், பாஸ்போர்ட்டில் பிறந்த மாதத்தையும் கடைசி ஊசித் தேதியையும் பாருங்கள், ஜூலை போட்டிகளுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தி வையுங்கள். ஏற்கனவே கட்டிவிட்டாள் என்றால், கடைசித் தேதிக்கு முன் வாபஸ் வாங்கினால் எவ்வளவு திரும்பி வரும் என்று பதிவு செய்த இடத்திலேயே போட்டிருக்கும்.